‘போயிட்டு வா, எரென்’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடரின் முடிவு சொதப்பல் என்று பலர் சொல்லக் கேட்டுவிட்டேன். என் தம்பியும் அதையே சொல்கிறான். அது சொதப்பல் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முடிவை அப்படியே எழுதப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நானும் தம்பியும் 2013-இல் முதல் எபிசோடைச் சேர்ந்து பார்த்தோம். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது, நான் கல்லூரியில் முதலாமாண்டு. ‘இறுதி சீசன்’ என்று 2020 டிசம்பரில் தொடங்கியது 2023 நவம்பரில்தான் முடிந்தது. அதற்குள் அவன் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டான். கடைசி எபிசோடை ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி ஒரே நேரத்தில் பார்த்தோம். முடிந்ததும் அவனே போன் செய்து, “என்னக்கா இப்படிப் பண்ணிட்டாங்க?” என்றான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

டைட்டன் என்றால் மனிதரைத் தின்னும் ராட்சத உருவம். தாயை டைட்டன் தின்றதைக் கண்ணால் பார்த்த சிறுவன் எரென். ஒரு டைட்டனையும் உயிரோடு விடமாட்டேன் என்று கிளம்பியவன், முடிவில் கடலுக்கு அப்பால் இருக்கும் எதிரிகளை அழிக்க, தன் தீவின் மதில்களுக்குள் உறங்கிய ராட்சத டைட்டன்களை எழுப்பி நடக்கவிடுகிறான். உலக மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் மிதிபட்டுச் சாகிறார்கள். அவனைத் தடுக்க வேறு வழியே இல்லாமல், சிறுவயதில் எரென் தனக்குச் சுற்றிவிட்ட துண்டை விடாமல் வைத்திருக்கும் மிகாசாதான் அவன் தலையை வெட்டுகிறாள். வெட்டிவிட்டு முத்தமிடுகிறாள். இரண்டாயிரம் வருடமாகத் தன்னை வதைத்த அரசனை மறக்க முடியாமல் கட்டுண்டு கிடந்த, முதல் டைட்டனான யுமிர் இதைப் பார்க்கிறாள். உயிராக நேசித்தவனையும் ஒருத்தியால் விட்டுவிட முடிகிறது என்று அவள் கண்டுகொள்கிற அந்தக் கணத்தோடு டைட்டன் சக்தியே உலகத்தை விட்டுப் போகிறது.

அங்கே மிகாசா சொல்வது ஒரே வரி: “இத்தெராஷ்ஷாய், எரென்.” ஆங்கில சப்டைட்டிலில் ‘பிறகு பார்க்கலாம், எரென்’ என்கிற மாதிரி போட்டிருந்தார்கள். எனக்கு அது ஒட்டவேயில்லை. தலையை வெட்டியவள் எதற்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்கிறாள்? இந்தத் தொடருக்காகவே ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கிய தம்பிதான் விளக்கினான். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் சொல்வது ‘இத்தெகிமாஸ்’. ‘இத்தெ’ என்றால் போய், ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். வழியனுப்புகிறவர் பதிலுக்குச் சொல்வது ‘இத்தெராஷ்ஷாய்’. சரி, அப்படியென்றால் அது நம் ‘போயிட்டு வா’தானே! ‘போகிறேன்’ என்று வெறுமனே சொல்ல நமக்கும்தான் வாய் வராது. திரும்பி வரமாட்டான் என்று தெரிந்தே, தன் கையாலேயே அனுப்பிவிட்டு, வீட்டு வாசலில் நின்று சொல்கிற வார்த்தையைச் சொல்கிறாள். மிகாசாவுக்குக் குரல் கொடுத்த யுய் இஷிகாவா அதை அழுகையாக இழுக்கவில்லை. அன்றாடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொல்லிவிட்டார்.

அதைவிட ஆச்சரியம், ஹாஜிமே இசயாமா 2009-இல் வெளியிடத் தொடங்கிய மூல மங்காவின் (படக்கதையின்) முதல் அத்தியாயத்திலேயே இந்த வரி வருகிறது. சிறுவன் எரென் மரத்தடியில் தூங்கி எழுந்து, ஏதோ நீண்ட கனவு கண்டதாகச் சொல்லி, காரணம் தெரியாமல் அழுகிறானே, அந்தக் கனவில் வரும் வரி இது. 2021 ஏப்ரலில் 139-ஆம் அத்தியாயத்தோடு மங்கா முடிந்தது. பதினோரு வருடத்துக்கு மேல் ஒரு மனிதர் இந்த வரியை மனத்தில் சுமந்துகொண்டு வரைந்திருக்கிறார். அவசரத்தில் முடித்துவிட்டார் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். அச்சேறிய வரியில் பிழை என்று ஒப்புக்கொள்ள எழுதியவருக்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று தினமும் பார்க்கிறேன். மங்காவின் கடைசி அத்தியாயத்தில், எங்களுக்காகக் கொலைகாரன் ஆனதற்கு நன்றி என்று சிறுவயது நண்பன் ஆர்மின் எரெனிடம் சொல்வான். படித்தபோது எனக்கு நெஞ்சு கசந்தது. ஆர்மின் பேசுகிற பேச்சா அது? அனிமேவுக்கு அந்த உரையாடலை இசயாமாவே மாற்றி எழுதிக் கொடுத்தார். அதில் நன்றி இல்லை. வெளியுலகத்தைப் பற்றிய புத்தகத்தைக் காட்டி உனக்கு ஆசை மூட்டியவன் நான்தான், இந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு, நரகத்தில் சேர்ந்தே கிடப்போம் என்கிறான். கையில் ஒரு கடற்சிப்பி. முதன்முதலாகக் கடலைப் பார்த்த நாளிலும் ஆர்மின் சிப்பியைத்தான் எடுத்துக் காட்டினான். எரென் அதைக் கவனிக்காமல், கடலுக்கு அப்பால் இருக்கும் எதிரிகளையெல்லாம் கொன்றால் நமக்கு விடுதலை கிடைக்குமா என்று கேட்டான். காலடியில் கிடந்ததை அவன் பார்க்கவே இல்லை. அந்தச் சிப்பியைத் திரும்பக் கொண்டுவந்த இடத்தில் எனக்கு இருந்த மனக்குறை எல்லாம் போய்விட்டது.

தம்பியின் கோபம் வேறு. பெயர்கள் ஓடும்போது மிகாசா முதுமையடைந்து இறக்கிறாள், மரம் வளர்கிறது, நகரம் எழும்புகிறது, எத்தனையோ காலம் கழித்துப் போர் வந்து அந்தத் தீவும் அழிகிறது. “அப்புறம் எதுக்குக்கா இவ்வளவும்? எரென் செத்ததே வீண்தானே?” என்பது அவன் கேள்வி. நான் அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அத்தனை பேரைக் கொன்றபின் அந்தத் தீவு என்றென்றும் நிம்மதியாக வாழ்ந்தது என்று காட்டியிருந்தால், கொன்றது சரிதான் என்று ஆகியிருக்கும். இசயாமா அதற்கு இடம் கொடுக்கவில்லை. தோழர்கள் வாழ வேண்டும் என்று எரென் விரும்பினான், அவர்கள் வாழ்ந்தார்கள். அதற்குமேல் அவனுக்கு எதையும் தரவில்லை. தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். ஜப்பானிய அனிமேக்களுக்குத் தமிழில் டப்பிங் வசனமும் சப்டைட்டிலும் எழுதுகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால், தயவுசெய்து ஆங்கில வரியைப் பார்த்து எழுதாதீர்கள். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரை நீங்கள் எப்போது தமிழில் எழுதினாலும், மிகாசாவின் வாயில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று வைத்துவிடாதீர்கள். ‘போயிட்டு வா, எரென்’ என்று வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி