களைக்கொல்லிப் பரிசோதனைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்து, "களைக்கொல்லி கலந்திருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், எங்கள் கவுண்டரில் இருப்பவர் "பக்கத்தில் என்ன மருந்து அடிக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்பார். அதைக் கண்டுபிடிக்கத்தானே இங்கே வந்தோம் என்று சிலருக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். ஏன் கேட்கிறோம் என்று விளக்கவே இந்த மடல்.

தண்ணீரில் களைக்கொல்லி இருந்தாலும் மைக்ரோகிராம் (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான் இருக்கும். செபராங் பிறை வயல்களில் அடிக்கும் 2,4-டி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் அதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த ஒரு களைக்கொல்லிக்கும் 0.1 மைக்ரோகிராம்தான் வரம்பு. இவ்வளவு சிறிய அளவைக் கருவி பிடிக்க வேண்டுமானால், முதலில் மருந்தைத் தண்ணீரிலிருந்து பிரித்துச் செறிவாக்க வேண்டும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

பழைய முறையில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிபுனலில் ஊற்றி, டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குவோம். மருந்து கரைப்பானுக்கு மாறிவிடும். கனமான கரைப்பான் அடியில் தங்கும். வாய்க்கால் தண்ணீர் என்றால் இரண்டும் நுரைத்துக் கலந்துகொண்டு பிரியவே பிரியாது. அந்தக் கரைப்பானை மூச்சில் இழுப்பதும் உடம்புக்கு ஆகாது. அதனால் இப்போது பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ்தான், அதாவது மருந்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அடைத்த சிறு குழாய். அதை மெத்தனாலாலும் சுத்த நீராலும் நனைத்து, காயவிடாமல், உங்கள் தண்ணீரை மெதுவாக இறக்குவோம். மருந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிறகு சில மில்லிலிட்டர் கரைப்பானால் அதைக் கழுவி எடுத்து, நைட்ரஜன் ஊதி 1 மில்லிலிட்டராகக் குறைப்போம். ஒரு லிட்டரில் இருந்தது அதற்குள் வந்துவிட்டால் 1000 மடங்கு செறிவு.

அட்ரசின், டையூரான் போன்ற களைக்கொல்லிகள் இதற்கு ஒழுங்காக அடங்கும். 2,4-டி ஓர் அமிலம். சாதாரணத் தண்ணீரில் மின்னேற்றத்தோடு இருப்பதால் ஒட்டாமல் நழுவிவிடும். அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2 வரை இறக்கிய பிறகே பிடிபடும். அந்த அமிலத்தை ஆல்கஹாலோடு இணைத்த எஸ்டர் வடிவில் அடித்திருந்தால் அதற்கும் முன்னால் காரம் சேர்த்து உடைக்க வேண்டும்.

தோட்டங்களில் அதிகம் அடிக்கும் கிளைபோசேட் இன்னும் பிடிவாதம். உப்பைப் போல அது தண்ணீரை விட்டு வராது, எந்தக் கரைப்பானுக்கும் மசியாது. எஃப்மாக் குளோரைடு என்ற வேதிப்பொருளோடு வினைபுரிய வைத்த பிறகுதான் அதைக் கார்ட்ரிட்ஜில் பிடிக்கிறோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியோ கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிளாஸ்டிக் போத்தல் வேண்டும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய தோட்டத்து நிலம் வாங்கியவர்கள் கேட்கிறார்கள். அது மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும் மருந்து. கிணற்றுக்கு இறங்குவது அரிது என்பதால், மற்றவற்றை முதலில் பார்க்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆக, ஒரே தண்ணீருக்கு மூன்று நான்கு விதமான தயாரிப்பு. கட்டணம் தனித்தனியாக வருவதும் அதனால்தான். மருந்துக் கேனின் லேபிளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேவையில்லாத செலவு மிச்சம். விற்பனைப் பெயர் மட்டும் போதாது, சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரும் தெரிய வேண்டும்.

போத்தலை எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். மினரல் வாட்டர் போத்தல் வேண்டாம். குழாய்த் தண்ணீருக்கான போத்தலில் கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்போம். அது குளோரினை முறிப்பதற்காகப் போட்டது, அலசிக் கொட்டிவிடாதீர்கள். நிரப்பியதும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கோ மறுநாளோ கொண்டுவாருங்கள். மருந்து அடித்த தேதியும், அதற்குப் பிறகு மழை பெய்ததா என்பதும் போத்தலில் எழுதியிருந்தால் நல்லது.

அப்புறம், அறிக்கையில் 'மீட்பு விகிதம்' என்று ஓர் எண் இருக்கும். தெரிந்த அளவு மருந்தை நாங்களே தண்ணீரில் கலந்து, அதே முறையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்த கணக்கு அது. 70 முதல் 120 விழுக்காட்டுக்குள் இல்லையென்றால் அறிக்கை வெளியே போகாது, வேலையைத் திரும்பச் செய்வோம். சொன்ன நாளுக்கு முடிவு வரவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைக் கூடத்தார்,
பட்டர்வொர்த், பினாங்கு