காந்துது என்றால் ஊசியை எடு

மச்சான்,

கடிதம் கிடைத்தது. குடியாத்தத்தில் வெயில் என்று வேலூர்க்காரனிடமே புகார் எழுத உனக்குத் தனித் தைரியம்தான். வீட்டில் எல்லாரும் நலம். மற்ற விசேஷங்களை நேரில் பேசுவோம், உன் நோயாளி விஷயத்துக்கு வருகிறேன்.

சர்க்கரை நோய் இருக்கிற அந்த அம்மாவுக்கு ராத்திரியானால் இரண்டு பாதமும் எரிகிறது, நெர்வ் கண்டக்‌ஷன் ரிப்போர்ட் நார்மல், அதனால் "மனசுதான் காரணம்" என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீயும் பாதி நம்பிவிட்டாய் போலிருக்கிறது. நம்பாதே. நரம்பில் மின்சாரம் பாய்ச்சி வேகம் பார்க்கும் அந்த மெஷினுக்குத் தடித்த நரம்பிழைகளின் பேச்சு மட்டும்தான் கேட்கும். காலில் அவை நொடிக்கு 40, 50 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. வலி, சூடு, குளிர்ச்சி எல்லாம் வருவது மெல்லிய ஏ-டெல்ட்டா இழைகளிலும் உறையே இல்லாத சி இழைகளிலும். சி இழையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். அதன் சமிக்ஞை மெஷினில் விழவே விழாது. ஆகவே "நார்மல்" என்பதற்கு, தடித்த இழைகள் இதுவரை தப்பித்திருக்கின்றன என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது.

நம் பக்கத்து ஜனங்கள் பாதி நோயைச் சொல்லிலேயே பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். "காந்துது", "மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி", "போர்வை பட்டாலே தாங்கல", "தண்ணி ஊத்தின தரையில கால வெச்சாதான் தூக்கம் வருது" என்றால் மெல்லிய இழை. "பஞ்சு மேல நடக்குற மாதிரி", "செருப்பு கழண்டதே தெரியல", "இருட்டுல தடுமாறுது" என்றால் தடித்தது. "மதமதப்பு" என்ற சொல்லை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளாதே. ஒருவருக்கு அது உணர்ச்சியின்மை, இன்னொருவருக்கு எறும்பு ஊர்வது. "தொட்டா தெரியலையா, இல்ல தொடாமலே ஏதாவது ஊருதா?" என்று திருப்பிக் கேள்.

அடுத்தது ஊசி. ஆளுக்கு ஒரு புதுக் குண்டூசி போதும். இஞ்செக்‌ஷன் ஊசி வேண்டாம், அது தோலைக் கிழித்து ரத்தம் வரவைக்கும். முதலில் நெற்றியிலோ நெஞ்சிலோ வைத்துக் காட்டு, பிறகு கட்டைவிரலின் மேல்பக்கத்தில் தொடங்கி முழங்கால் நோக்கி ஏறு. எல்லாரும் தவறுவது கேள்வியில்தான். "தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் தொடுதலைத் தடித்த இழை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். "கூரா, மொட்டையா?" என்று கேள். நடுநடுவே ஊசியின் குண்டுப் பக்கத்தையும் வை.

குளிர்ச்சிக்கு, அதிர்வு பார்க்கும் ட்யூனிங் ஃபோர்க்கின் உலோகத்தைப் பாதத்தில் வைத்துப் பார்ப்பாய். கத்திரி வெயிலில் உன் கிளினிக் அறை 37 டிகிரியில் கிடக்கும்போது அந்த உலோகமும் தோலளவு சூட்டில்தான் இருக்கும். நல்ல காலிலேயே குளிராது, நீ நோய் என்று எழுதிவிடுவாய். பானைத் தண்ணீரில் சற்று நேரம் போட்டு, ஈரம் துடைத்து, உன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் முன்கையிலும் அப்புறம் பாதத்திலும் வை.

இதற்குப் பிறகுதான் 128 ஹெர்ட்ஸ் அதிர்வு, கணுக்கால் ரிஃப்ளெக்ஸ், பாதத்தில் அழுத்திப் பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழை. மூன்றும் சரியாக இருந்து ஊசியும் குளிரும் மட்டும் போயிருந்தால் தனி நுண்ணிழைச் சேதம். எல்லாமே போயிருந்தால் கலப்பு, நாள்பட்ட சர்க்கரையில் அதுதான் அதிகம். மோனோஃபிலமென்ட் என்பது புண் வரும் ஆபத்தை அளக்கும் கருவி. அது தேறியதை வைத்து நரம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பாதே.

படுக்கவைத்து 5 நிமிஷம் கழித்து பிபி பார், நின்ற 1-வது, 3-வது நிமிஷத்திலும் பார். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் ரத்த அழுத்தம், வியர்வையைக் கவனிக்கும் தானியங்கி நரம்பும் சேர்ந்து கெட்டிருக்கிறது. வியர்க்காத, வெடித்த பாதமும் அதைத்தான் சொல்லும்.

இந்த நுண்ணிழைச் சேதத்தை முடிவுசெய்ய 2010-இல் டொரோண்டோ நிபுணர் குழு வகுத்த படிநிலை எளிது. பாதத்திலிருந்து மேலேறும் அறிகுறிகள் இருந்தால் "இருக்கலாம்", பரிசோதனையிலும் தெரிந்து கெண்டைக்காலின் பின்பக்கச் சூரல் நரம்பு மெஷினில் நார்மலாக இருந்தால் "பெரும்பாலும்", கணுக்கால் தோல் பயாப்ஸியிலோ பாதத்தின் வெப்ப உணர்வு அளவீட்டிலோ குறை தெரிந்தால் "உறுதி". உன் கிளினிக்கில் இரண்டாம் படியே வைத்தியத்துக்குப் போதும்.

பயாப்ஸி அவசியம் என்று தோன்றினால் வெளிக் கணுக்கால் எலும்புக்கு 10 செ.மீ. மேலே, 3 மி.மீ. பஞ்ச் (வட்டக் கத்தி), தையல் வேண்டாம். கால் நாடி சரியில்லாதவர்களுக்கும் வீங்கிய காலிலும் செய்யாதே, ஆறாது. பழக்கதோஷத்தில் சாதா ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவார்கள், அதில் மெல்லிய இழைகள் துண்டு துண்டாகிவிடும். தோலைப் பதப்படுத்த ஜாம்போனி திரவமோ பிஎல்பி திரவமோ வேண்டும், லேபிடம் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள். அவர்கள் 50 மைக்ரான் தடிமனில் வெட்டி, நரம்பிழையைக் காட்டும் பிஜிபி 9.5 சாயமிட்டு, மேல்தோலுக்குள் ஏறும் இழைகளை மில்லிமீட்டருக்கு இத்தனை என்று எண்ணுவார்கள். வயது ஏற ஏற எண்ணிக்கை இயல்பாகவே குறையும். ரிப்போர்ட்டில் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அளவு இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எரிச்சல் எல்லாம் சர்க்கரையால் என்றும் முடிவு கட்டாதே. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டவருக்கு பி12 பார்; தைராய்டு, கிரியாட்டினின், ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரசிஸ், எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி, குடி. அதோடு, தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் காரிகிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழுநோயை மறந்தால் நமக்கு மன்னிப்பே கிடையாது. அதுவும் சூடு-குளிர் உணர்வைத்தான் முதலில் தின்னும். ஆனால் திட்டுத் திட்டாக, ஒரு காலில் அதிகமாக, இன்னொரு காலில் குறைவாக வரும். சர்க்கரை இரண்டு காலிலும் சாக்ஸ் போட்ட மாதிரி ஏறும். முழங்கைக்குப் பின்னும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க ஃபிபுலா எலும்பின் கழுத்திலும், உள் கணுக்காலுக்குப் பின்னும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஆட்களிடம் பசை வேலையா என்று கேள். பசையில் ஹெக்ஸேன் கரைப்பான் இருந்தால் நரம்பு கெடும். அங்கே எரிச்சலைவிட மரப்பும் பலவீனமும்தான் முந்தும்.

எரிகிற கால் சுடுவதை உணராது என்பதை நோயாளிகள் நம்பவே மாட்டார்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கி.மீ. வெறுங்காலில், அதுவும் பகலில் என்றால் கொப்புளம் நிச்சயம். ராத்திரி போகச் சொல். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை விளக்கடியில் பார்க்கச் சொல்.

உன் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: பொங்கலுக்கு அப்புறம் இன்சுலின் ஆரம்பித்து, சர்க்கரை "சூப்பராக" இறங்கியது, மாசியில் எரிச்சல் வந்தது. எனக்கு அங்கேதான் சந்தேகம். எச்பிஏ1சி (ஏறக்குறைய மூன்று மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த அளவு) மூன்று மாசத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் சரிந்தால், சரிந்த 8 வாரத்துக்குள் இப்படிக் கடும் எரிச்சல் கிளம்புவது உண்டு. நோயாளி இன்சுலினைக் குற்றம் சொல்லி நிறுத்திவிடுவார். நிறுத்தவிடாதே, பல மாசத்தில் தணியக்கூடியது என்று சொல். கண்ணின் விழித்திரையையும் உடனே பார்க்க அனுப்பு, அதுவும் சேர்ந்தே மோசமாகும். டிசம்பர், மார்ச் இரண்டு எச்பிஏ1சி சீட்டுகளையும் அந்த அம்மாவிடம் கொண்டுவரச் சொல்லி, இரண்டு எண்ணையும் எனக்கு எழுது.

உன்,
வேலூர்க்காரன்