மரக்கணக்கில் சேராத காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை உயர்த்துவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்த அன்றுதான், இந்தப் பருவத்திலும் மாகாளிக்கிழங்கு கிடைக்காமல் வாரச்சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் போளூரில் 40 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மலையிலிருந்து இறங்கிவரும் ஓர் அம்மாவிடம் ஆண்டுதோறும் இந்தக் கிழங்கை வாங்கி ஊறுகாய் போடுவது என் மாமியார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். செம்மண் கரையும்வரை ஊறவைத்துக் கழுவி, தோலைச் சீவி, நடுவில் ஓடும் நாரான தண்டை நீக்கிவிட்டு, சதையை மட்டும் பொடியாக நறுக்கி உப்பு மோரில் போட வேண்டும். கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கலந்து, ஜாடியின் வாயை வேடுகட்டி, நாள்தோறும் குலுக்கிவிட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் மூட்டைப்பூச்சி வாடை என்று முகம் சுளிப்பார்கள். பழகிய நாக்குக்குத் தயிர்ச்சோற்றோடு அதற்கு ஈடு வேறில்லை. வனிலாவின் மணப்பொருளுக்கு மிக நெருங்கிய ஒரு வேதிப்பொருளே அந்த வாசனைக்குக் காரணம். சேமித்த தானியத்தைத் தாக்கும் பூச்சிகளை இக்கிழங்கின் சாறு கொல்லும் என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

இது தோட்டத்தில் விளையும் பொருளன்று. நாம் உண்பதில் பெரும்பகுதி காட்டில் தோண்டியெடுத்துவந்ததுதான். டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்று தாவரவியலார் அழைக்கும் இந்தப் பால்கொடி, தென்னிந்தியாவின் வறண்ட குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் அவற்றை ஒட்டிய கர்நாடக, ஆந்திரக் குன்றுகளிலும் பாறை இடுக்குகளில் வேர்விட்டு, பக்கத்தில் நிற்கும் குத்துச்செடியையோ குட்டை மரத்தையோ பற்றி ஏறும். காய் வெடித்தால் பட்டுப்போன்ற பஞ்சோடு விதை காற்றில் பறக்கும். அது போய் விழுகிற இடத்தில் கொஞ்சம் நிழலும், சருகு மக்கிய மண்ணும், பற்றி ஏற ஒரு கொம்பும் இருந்தால்தான் மறுகொடி உண்டாகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தனது சிவப்புப் பட்டியலில் இதனை அழியும் ஆபத்திலுள்ள தாவரமாகச் சேர்த்திருக்கிறது.

கிழங்கு ஏன் வரவில்லை என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "கரட்டையே ஒடச்சிட்டாங்க, கொடி எங்க ஏறும் டீச்சரம்மா?" என்றார். அவர் வழக்கமாகத் தோண்டிய குன்றின் ஒரு பக்கம் இப்போது கல் குவாரி. இன்னொரு பக்கத்தில் புதரையெல்லாம் வழித்தெடுத்துத் தைலமரம் வைத்திருக்கிறார்களாம். கிழங்கு இருக்கும் இடத்துக்குப் போய்வர ஒரு முழுநாள் நடக்க வேண்டியிருக்கிறது என்றார்.

கட்டுரையாளர் கருத்தில் கொள்ள வேண்டுமென்று நான் விரும்புவது இதைத்தான். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஈராண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் கிளைப்பரப்பு 10 விழுக்காட்டை எட்டினால் அது வனப்பரப்பு. அங்கே நிற்பது என்ன மரம், நிலம் யாருடையது என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதர்நிலம் என்று தனியே எழுதிவிடுவார்கள். அது வனப்பரப்பில் சேராது. ஆகவே, களாவும் சூரையும் காரையும் பிரண்டையும் பின்னிக்கிடந்த ஒரு கரட்டை அடியோடு அழித்தாலும் கணக்கில் ஒரு ஹெக்டேர்கூடக் குறைவதில்லை. அதே இடத்தில் தைலமரத்தோப்பு வளர்ந்து நின்றுவிட்டால், அது புதிதாக உருவான காடாகவே கூட்டப்படுகிறது. அந்தத் தோப்பின் அடியில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: உதிர்ந்த இலை எளிதில் மக்காமல் கிடக்கும், கொடி ஏறாது, கீரை முளைக்காது, சின்னான் குருவி தின்ன ஒரு பழம் இராது.

அந்தப் பழங்கள் அற்பமானவை அல்ல. களாப்பழத்தையும் சூரைப்பழத்தையும் தின்னும் பறவைகளே அவற்றின் விதையை அடுத்த குன்றுக்குக் கொண்டுசேர்க்கின்றன. இலந்தையையும் கொன்றைக்காயையும் நாவற்பழத்தையும் கரடி தின்று தன் எச்சத்தில் விதைத்துப் போகிறது. ஜவ்வாது மலைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த சந்தன மரமும் தனித்து வாழ்வதில்லை. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரை ஒட்டிப் பிழைக்கும் மரம் அது. சுற்றியிருக்கும் புதரை வழித்துவிட்டுச் சந்தனக் கன்றை மட்டும் நட்டுப் பயனில்லை. வெட்டிக் கடத்தியதால் போன சந்தனம் எவ்வளவு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது திரும்பி முளைப்பதற்குத் துணை வேண்டும் என்பதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை.

பழியெல்லாம் குவாரிக்கும் தோப்புக்கும் மட்டுமே உரியது என்று நான் சொல்லவில்லை. என்னைப்போல் ஊறுகாய் போடுகிறவர்களும் இதில் சேர்த்தி. நன்னாரிக்கு மாற்றாகச் சர்பத்துக்கும் மருந்துக்கும் இதே கிழங்கை வியாபாரிகள் மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். எடைக்கு விலை என்றானபின் கடப்பாரையைப் போட்டு முழுக்கொடியையும் பெயர்த்தெடுத்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் பருத்த வேர்களை மட்டும் அறுத்துக்கொண்டு, மற்றதை விட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வருவோம், சில ஆண்டுகள் கழித்து அதே கொடியில் மறுபடி எடுக்கலாம் என்று அந்த அம்மா சொன்னார். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டும் மலைமக்களும் கிழங்கின் தலைப்பகுதியைக் குழியிலேயே புதைத்துவிட்டு வருவது வழக்கம். காடு பரந்து கிடந்தபோது இந்த ஒழுங்கு எளிதாக நடந்தது. காடு சுருங்கச் சுருங்க, நான் விட்டுவைத்தால் நாளை இன்னொருவர் எடுத்துவிடுவார் என்ற பயம் வந்துவிட்டது. கொடியின் அடிவேருக்கே கடப்பாரை போவது அந்தப் பயத்தால்தான்.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்கிறது. நோக்கத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் மரம் நட இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது ஆளில்லாத கரடும் புதர்க்காடும்தான் என்பதே என் கவலை. அவற்றை வெற்று நிலமென்று எழுதிக் குழிவெட்டும் முன், அங்கே ஏற்கெனவே என்னென்ன வளர்கின்றன என்று அருகிலுள்ள மலைக்கிராமத்துப் பெண்களிடம் ஒருமுறை கேட்டுப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கச் செலவு அதிகம் ஆகாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வேர்கள், கிழங்குகள் உள்ளிட்ட சிறுவனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழ்வோருக்கு உரிமை தந்திருக்கிறது. எந்தக் குன்றில் எந்த ஆண்டு தோண்டலாம், எதற்கு ஓய்வு கொடுக்கலாம் என்று கிராமசபையே முடிவுசெய்யும் நிலை வந்தால் மேலே சொன்ன பயம் குறையும்.

இன்னொன்றும் உடனே செய்யக்கூடியது. ஊர்தோறும் நாற்றங்காலில் வேம்பும் புங்கமும் நாவலும் வளர்க்கிறார்கள். அவற்றோடு மாகாளிக்கொடியையும் களாவையும் வளர்த்து, கரட்டோரத்து நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தால், வேலியோரத்திலேயே ஏற்றிவிடலாம். காட்டின் மேல் விழும் சுமை அவ்வளவுக்குக் குறையும். காய் முற்றியதும், வெடிக்கும் முன்னே பறித்துவந்து தருவதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். நாற்றங்கால் வைத்திருக்கும் வாசகர்கள் யாரேனும் முன்வந்து தங்கள் இதழுக்கு எழுதினால், விதையை வாங்கி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
போளூர், திருவண்ணாமலை மாவட்டம்.