இனிப்பை ஒதுக்கும் கரப்பான்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாறனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி தேறிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். செம்பனைக் குலை வெட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை.

சரி, உன் கடைக் கரப்பான் விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் மருந்துப் பசையை மொய்த்துத் தின்றவை, இப்போது வாய் வைத்ததுமே பின்வாங்குகின்றன என்று எழுதியிருந்தாய். மருந்து பழசாகவும் இருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

சமையலறையில் திரியும் சின்னக் கரப்பானைப் பிடிக்க, 1980களிலிருந்து குளுக்கோஸ் கலந்த மருந்து வைத்தார்கள். சில வருடங்களில் அமெரிக்காவில் குளுக்கோஸைத் தொடாத கரப்பான்கள் தென்பட்டன. பழச்சர்க்கரையான புருக்டோஸ் வைத்தால் தின்றன. மருந்தைத் தின்றவை செத்தன, ஒதுக்கியவை பிழைத்துப் பெருகின. குணம் பரம்பரையாக இறங்கியது. காரணம் 2013இல்தான் தெரிந்தது. அவற்றின் வாயில் குளுக்கோஸ் பட்டதும் கசப்பை உணரும் நரம்பணு தூண்டப்படுகிறது. அது இனிப்பு நரம்பணுவையும் அமுக்கிவிடுகிறது. சர்க்கரை அதே சர்க்கரைதான். அது போய்ச் சேரும் நரம்பு வேறாகிவிட்டது!

பூச்சி சுவையறிவது நுண்ணிய ரோமங்களால். அந்த ரோமத்து நுனியில் ஒரு துளை இருக்கும். நரம்பணுவின் முனை உள்ளேயே காத்திருக்கும். அங்கே சுவைப்பொருளைப் பிடித்து உணரும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அந்த ஏற்பியே ஒரு வாசல். சர்க்கரை ஒட்டினால் வாசல் திறந்து, மின்னேற்றமுள்ள துகள்களான அயனிகள் நேராக உள்ளே பாய்கின்றன. இப்படிப்பட்ட ரோமங்கள் ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் காலிலும் உண்டு. உன் கறிவேப்பிலையில் முட்டையிட வரும் பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டுவது, அதைச் சுவைத்துப் பார்க்கத்தான்.

நமக்கு அப்படியல்ல. நாக்கில் சுவையை உணரும் உயிரணு, நரம்பணுவே அல்ல. அதன் இனிப்பு ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்த ஜோடி. அது வாசலைத் திறக்காது, உள்ளே தகவல் மட்டும் சொல்லும். வெட்டுக்காரர் கங்காணியிடம் சொல்ல, கங்காணி கிராணியிடம் சொல்ல, கிராணி துரையிடம் சொல்வாரே, அந்த மாதிரி புரதம் புரதமாகக் கைமாறி, கடைசியில்தான் நரம்புக்குப் போகிறது. இனிப்புக்கு அந்த ஒரு ஜோடிதான். கசப்புக்கோ நமக்கு ஏறத்தாழ 25 ஏற்பிகள். விஷம் பல வகை என்பதால் காவலும் அதிகம் என்றே நினைக்கிறேன். பூனைக்கு அந்த ஜோடியில் ஒன்றின் மரபணு பழுது. உன் கடைப் பூனைக்குப் பாயசம் ஊற்றினாலும் இனிக்காது.

கரப்பான் கதை அத்தோடு முடியவில்லை. ஆண் தன் முதுகில் சுரக்கும் இனிப்பைக் காட்டித்தான் பெண்ணை அழைக்கிறது. பெண் அதைத் தின்ன ஆணின் முதுகில் ஏறும். அதிலுள்ள மால்டோஸ் என்ற சர்க்கரையைப் பெண்ணின் உமிழ்நீர் குளுக்கோஸாக உடைத்துவிடும். குளுக்கோஸ் பிடிக்காத பெண் உடனே இறங்கிப் போய்விடுகிறதாம். நாம் வைத்த மருந்து அவற்றின் கல்யாணம் வரைக்கும் புகுந்துவிட்டது, பார்த்தாயா?

அதனால் அதே பசையைக் கூடுதலாகப் பூசாதே. வேறு தயாரிப்பு, வேறு இரை உள்ளதாகப் பார்த்து, மாற்றி மாற்றி வை. இரவில் அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கச் சொல். வேறு தீனி இருந்தால் எந்த மருந்தும் எடுபடாது. அப்புறம், பொங்கலுக்கு எல்லாரும் வந்துவிடுங்கள். கரும்புக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் செல்வா