மேலே ஏறுவதற்கு ஐந்து யூனிட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வண்டிக்கு மீதிப் பணம் கட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படி.

நீ அனுப்பின போட்டோவைப் பார்த்தோம். வெள்ளை டாடா நெக்ஸான் கரண்டு கார், பச்சை நம்பர் பிளேட். அழகாகத்தான் இருக்கிறது. அப்பா போட்டோவைப் பெரிசாக்கி டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ இளைத்துப் போயிருக்கிறாய். கையும் வெறும் கையாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நீ வளையல் போட்டுப் போகமாட்டாய், தெரியும். சும்மா சொன்னேன்.

2020ல் பதிவான வண்டி என்கிறாய். அந்த மாடல் விற்பனைக்கு வந்ததே அந்த வருஷம் ஜனவரியில்தான். புதிதில் 30.2 யூனிட் பிடிக்கிற பேட்டரி. கிலோவாட் அவர் என்று அவர்கள் போடுவது நம் ஈ.பி. யூனிட்தான், பயப்படாதே. ஒரு சார்ஜுக்கு 312 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது சோதனைக் கணக்கு. ரோட்டில் 200 வந்தால் பெரிசு, அதுவும் புதிதில். பேட்டரிக்கு வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. இந்த வண்டி 41,000தான் ஓடியிருக்கிறது என்பதால் வருஷம்தான் முதலில் தீரும். 2028. உன் பிள்ளை, நம் தம்பி, ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் போய்விடும். மிச்சமிருக்கிற அந்த வாரண்டி இரண்டாம் கைக்கு வருமா, வராதா என்பதை விற்கிறவர் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதே. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்கு. பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று அவர்களே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை மீதிப் பணம் கட்டாதே.

ஓட்டம் கம்மி என்று சந்தோஷப்பட்டாய். எனக்கு அதில்தான் சந்தேகம். இந்த பேட்டரி ஓடினால் மட்டும் தேய்வதில்லை, சும்மா நின்றாலும் வயசாகும். வெயிலில் நின்றால் இன்னும் சீக்கிரம். முழு சார்ஜோடு வெயிலில் நின்றால் அதைவிடச் சீக்கிரம். சென்னையில் இருந்த வண்டி என்றால் எங்கே நிறுத்தினார்கள், மொட்டை வெயிலிலா, கீழ்த்தளத்திலா என்று கேள். தினமும் வேக சார்ஜரில் போட்டார்களா, வீட்டில் மெதுவாகப் போட்டார்களா என்றும் கேள். ஆர்.சி.யை வாங்கிப் பார். பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. சிலர் வாடகைக்கு ஓட்டிவிட்டுப் பிறகு சொந்த வண்டியாக மாற்றிவிடுவார்கள். பேட்டரி இருப்பது தரைக்கு அடியில். மெக்கானிக்கை விட்டு வண்டியைத் தூக்கி, அடியில் கல் இடித்த நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

வேலை பார்த்த காலம் முழுக்க அடுத்தவர் வீட்டு யூனிட்டை எண்ணினவள் நான். இதையும் எண்ணிப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை. நம் சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் கீழே. நீ இருக்கிற ஏற்காடு 1,500. நடுவில் 1,200 மீட்டர் தூக்க வேண்டும். வண்டி 1,400 கிலோ. உன்னையும் தம்பியையும் ஒரு பையையும் போட்டால் 1,500. வெறுமனே தூக்குவதற்கே 5 யூனிட் ஆகிறது. மோட்டார் இழப்பு, கீழே ஊருக்குள் ஓடுவது, இருபது கொண்டை ஊசி வளைவு, எல்லாம் சேர்த்தால் வீட்டிலிருந்து உன் வாசலுக்கு 10 யூனிட்டுக்கு ஒன்றிரண்டு முன்னேபின்னே. புது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம், நான் மூன்றாவது ஆளையும் போட்டுக் கணக்குப் பார்த்தேன். எழுபது கிலோவுக்குக் கால் யூனிட்கூட முழுசாகக் கூடவில்லை. அவ்வளவுதான். எழுதத் தோன்றியது, எழுதிவிட்டேன்.

"எங்க ரெண்டு பேருக்கு இது போதும்மா" என்று அன்றைக்குச் சொன்னாய். பின்னால் குக்கர் விசில் அடித்தது. நான் சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. அப்பா அப்போது மாடியில் இருந்தார்.

இறங்கும்போது வண்டி தானாகவே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். இரண்டு யூனிட்டாவது திரும்பும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் மேலே முழுசாக நூறு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அந்தக் கரண்டுக்குப் போக இடமில்லை. மோட்டார் பிடித்து நிறுத்துவது குறைந்து, பிரேக் கட்டைதான் அத்தனை வளைவுக்கும் வேலை செய்ய வேண்டிவரும். அதனால் மேலே எண்பதோடு நிறுத்திவிட்டு இறங்கு. முழுசாக ஏற்றுவது இங்கே, ஏறுவதற்கு முன்னால். இதை மறக்காதே. அண்ணனிடம் சொன்னேன், அவன் சிரிக்கிறான். நீ சிரிக்காதே.

நீ மாறியிருக்கிற வீட்டை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. மலையில் பழைய வீடு என்றால் ஒயரிங்கும் பழசாகத்தான் இருக்கும். வண்டிக்கு 15 ஆம்பியர் பிளக்கில் எட்டு, ஒன்பது மணி நேரம் விடாமல் கரண்டு இழுக்கும். ஹீட்டர் பத்து நிமிஷத்தில் அணைந்துவிடும், இது விடியும்வரை இழுக்கும். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துச் சோதித்துப் பார். மீட்டரிலிருந்து தனி ஒயர், கரண்டு மிஞ்சினால் தானாக அணைகிற சுவிட்ச், அதுதான் எம்.சி.பி., அதுவும் தனி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே போடாதே. முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார், சுட்டால் நிறுத்திவிடு. அப்பா ஸ்கூட்டர் தீப்பிடித்த செய்தியை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார். அதை உனக்கு அனுப்ப வேண்டாம் என்று நான்தான் எடுத்து ஒளித்தேன். மழைக்காலத்தில் அங்கே கரண்டு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சார்ஜை நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாதே. தம்பிக்கு ராத்திரி மூச்சிரைப்பு வந்தால் கீழே வர வேண்டும் அல்லவா? அதற்குத்தானே கார் என்கிறாய்?

இன்னொன்று, சின்ன பேட்டரி. எல்லாக் காரிலும் இருக்கிற 12 வோல்ட் பேட்டரி இதிலும் உண்டு. பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் அது செத்துவிட்டால் வண்டி உயிர் பெறாது. பழசாக இருந்தால் வாங்கினவுடன் மாற்றிவிடு. பெரியதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், நடுரோட்டில் விடுவது பெரும்பாலும் சின்னதுதான்.

இத்தனையும் படித்துவிட்டு அம்மா வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே. மலைக்குப் பெட்ரோல் வண்டியைவிட இது நல்லது. ஏறும்போது இழுவை தாராளம், கியர் மாற்றுகிற வேலை இல்லை, உன் ஊர்க் குளிர்ச்சி பேட்டரிக்கும் நல்லது. நீ அந்த வளைவுகளில் தனியாக ஓட்டிப் பழகினாய் என்று உன் சித்தியிடம் நானே நான்கு தடவை பெருமை அடித்துவிட்டேன். ஆனால் முன்பணம் கொடுத்த பிறகு, அதுவும் அண்ணன் வாயால்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் வரவில்லை. வேலை என்றாய். பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு உள்ளூர் விடுமுறை என்று எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி பீரோவிலேயே இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை பஸ் பிடித்துத் தம்பியோடு இறங்கி வா. அஞ்சு ரோட்டுப் புரோக்கரிடம் வெள்ளிக்கிழமை ராத்திரியே முழு சார்ஜ் போட்டு வைக்கச் சொல். அங்கிருந்து நீயே ஓட்டிக்கொண்டு மேலே போ, ஏ.சி. வேண்டாம். கிளம்பும்போது ஒன்று, அடிவாரத்தில் ஒன்று, மேலே போய் ஒன்று, மீட்டரில் சதவீதத்தைக் குறித்துக்கொள். முப்பது, முப்பத்தைந்து குறைந்தால் தைரியமாக வாங்கு. நாற்பத்தைந்து குறைந்தால் முன்பணம் போனாலும் போகட்டும், விட்டுவிடு. புரோக்கர் ஊருக்குள்ளேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்பார். கேட்காதே, உனக்கு வேண்டியது மலை.

நானும் வண்டியில் உட்காருகிறேன். எடைக்கு மூன்றாவது ஆள் ஆயிற்று. மேலே வந்து நாலு நாள் இருக்கலாம் என்று பார்க்கிறேன், அப்பாவுக்கு அண்ணி சமைத்துக் கொடுப்பாள். நான் எதுவும் கேட்கமாட்டேன். உனக்கு இடைஞ்சல் என்றால் மட்டும் சொல்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: மீதி எவ்வளவு கட்ட வேண்டும் என்று நீ சொல்லவே இல்லை. என் வைப்பு நிதி ஒன்று அடுத்த வாரம் முதிர்கிறது. தொகையை என் போனுக்கு மட்டும் அனுப்பு, அப்பா போனுக்கு வேண்டாம். வளையலை எங்கே வைத்திருக்கிறாய் என்றும் அதிலேயே ஒரு வரி போடு, மீட்க வேண்டியது என்றால் அதையும் சேர்த்தே எடுக்கிறேன்.