வெயிலில் பூக்கும் செடிகளைப் பற்றி அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பியிருந்த நித்தியகல்யாணியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன, கிளைகள் தொங்குகின்றன, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு விரல் உயரத்துக்குக் கறுத்து, நீர் கோத்ததுபோல் இருக்கிறது. "வறட்சியைத் தாங்கும் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? நானோ வறட்சியே தெரியாமல் இரண்டு வேளையும் ஊற்றி வளர்த்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். செடி செத்ததன் காரணம் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. ஆறில் நான்கு போய்விட்ட வருத்தத்தில் இருப்பவரிடம் இப்படிச் சொல்வது முறையல்ல என்றாலும், மிச்சமிருக்கும் இரண்டையாவது காப்பாற்ற வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகள் எந்நேரமும் நீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத் திணறிச் செயலிழக்கிறது. செயலிழந்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே சொதசொதவென்ற மண்ணில் நிற்கும் செடியும் தாகத்தில் வாடும் செடியைப் போலவே தலைகவிழ்கிறது. அதைக் கண்டு மனம் பொறுக்காமல் நாம் இன்னொரு குவளை ஊற்றுகிறோம். ஈரமண்ணில் நீந்திப் பரவக்கூடிய பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் நித்தியகல்யாணியின் தண்டையும் வேரையும் அழுகச் செய்வதில் பேர்போனது. தண்டு கறுத்துவிட்ட செடியை மீட்க வழியில்லை. அந்த நான்கையும் மண்ணோடு அகற்றிவிடுங்கள். அதே மண்ணில் உடனே வேறு நித்தியகல்யாணியை நட வேண்டாம்.

'வறட்சியைத் தாங்கும்' என்ற சொல் செடியின் பெயர்ச்சீட்டில் இருப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். அது வேரூன்றிய செடிக்குப் பொருந்தும் சொல். நேற்றுவரை நிழல்வலைக்குக் கீழே அன்றாடம் நீர் குடித்து வளர்ந்த நாற்றுக்குப் பொருந்தாது. நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் செடியை ஒருமுறை பையிலிருந்து முழுதாக உருவிப் பாருங்கள். பெரும்பாலும் தேங்காய்நார்த் தூளில்தான் நட்டிருப்பார்கள். வெள்ளை வேர்கள் அந்தக் கட்டியைச் சுற்றிச் சுற்றி நூற்கண்டுபோல் இறுகியிருக்கும். இந்தக் கட்டி ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் பிறகு நீரை எளிதில் ஏற்காது. மேலே ஊற்றுவது பக்கவாட்டில் வழிந்து சுற்றியுள்ள மண்ணை நனைக்கும், கட்டியின் நடுப்பகுதி பொடியாகவே இருக்கும். ஈரமண்ணுக்கு நடுவே செடி தாகத்தால் சாகும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. நடுவதற்கு முன் அந்தக் கட்டியை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழிகள் நிற்கும்வரை வைத்திருந்து, சுற்றிய வேர்களை விரலால் மெல்லப் பிரித்துவிட்டு, மாலை வேளையில் நடுங்கள். முதல் நான்கைந்து நாள்களுக்கு நண்பகல் வெயில் மட்டும் படாமல் ஏதாவது மறைப்பு வைத்தால் போதும். பூத்துக் குலுங்கும் பெரிய செடியைவிட, பூக்காத சிறு நாற்றையே எடுங்கள்; மொட்டிருந்தால் கிள்ளிவிடுங்கள். கை வராது என்று தெரியும், எனக்கும் வராது. ஆனாலும் அந்தச் சில வாரங்கள் செடியின் முயற்சி முழுவதும் வேருக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர், கார்கள் நின்று நின்று இறுகிப்போன ஓர் இடத்தை 1990களின் தொடக்கத்தில் சரளைத் தோட்டமாக மாற்றினார். அந்நாட்டில் மழை மிகக் குறைவாகப் பெய்யும் பகுதிகளுள் அது ஒன்று. வேர்பிடித்த பிறகு அந்தச் செடிகளுக்கு நீர் பாய்ச்சுவதில்லை என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். அதற்கு முன் அவர் இறுகிய மண்ணை ஆழமாகக் கீறிவிட்டதையும், மக்கு உரம் சேர்த்ததையும், ஒவ்வொரு செடியையும் நீரில் ஊறவைத்து நட்டதையும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நீர் ஊற்றாத தோட்டத்துக்கு வேலையெல்லாம் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் தொட்டிகளுக்கு வருகிறேன். நிலத்தில் நிற்கும் செடி நீரைத் தேடி வேரை ஆழத்துக்கு அனுப்பிப் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் அந்த வேர் ஒரு சாண் ஆழத்தில் அடியில் முட்டி நின்றுவிடும். ஆகவே தொட்டியில் எந்தச் செடியும் முழுமையாக வறட்சியைத் தாங்குவதில்லை. கடுங்கோடையில் சிறு தொட்டிக்கு நாள்தோறும்கூட நீர் தேவைப்படலாம். அட்டவணை போட்டு ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள், உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே நீர் வெளியேறும்வரை நிறுத்தி நிதானமாக ஊற்றுங்கள். நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பது வேரை மேற்பரப்பிலேயே தங்கச் செய்யும். ஒரு நாள் நீங்கள் ஊரில் இல்லையென்றால் முதலில் காய்வதும் அந்த மேற்பரப்புதான். நண்பகலில் இலை சுருண்டு தொங்குவதைக் கண்டு பதறவும் வேண்டாம். நித்தியகல்யாணி உச்சிவெயிலில் இலைகளைச் சுருட்டிக்கொள்வதும், மாலையில் விரித்துக்கொள்வதும் உண்டு. விடியற்காலையிலும் வாடியே இருந்து, விரலுக்கு மண்ணும் உலர்ந்திருந்தால்தான் அதற்கு நீர் வேண்டும் என்று பொருள்.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எல்லோரும் செய்வதுதான், ஆனால் பயனில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குள் நீர் எளிதில் இறங்காது. மண் முற்றிலும் நிறைந்த பிறகே வழியும். அதனால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகே உயர்ந்துவிடுகிறது. அந்த ஜல்லியை எடுத்து மண்ணின் மேல் பரப்புங்கள், ஆவியாதலாவது குறையும். மண்கலவையிலேயே பருமணலைத் தாராளமாகச் சேருங்கள். தொழுவுரத்தில் கை அடக்கமாக இருங்கள். காஸ்மாஸ், கெயிலார்டியா போன்ற பூச்செடிகளுக்குத் தழைச்சத்து மிகுந்தால் இடுப்பளவு வளர்ந்து, இலையாகவே நின்று, பூக்க மறந்துவிடும்.

எதை வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேரடி வெயில் விழும் இடம் என்பதால், என் முதல் தேர்வு டேபிள் ரோஸ் என்று நாம் சொல்லும் பத்துமணிப் பூதான். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி தடித்த ஊசி இலைகளில் நீரைச் சேமித்து வைக்கிறது. வறட்சி முற்றும்போது, கள்ளிகளைப் போல இரவிலும் கரியமில வாயுவைச் சேகரிக்கத் தொடங்குகிறது, பகலில் இலைத்துளைகளைத் திறந்து நீரை இழக்கும் செலவு அந்த அளவுக்குக் குறைகிறது. விரல் நீளத்துக்கு ஒரு நுனியைக் கிள்ளி மண்ணில் செருகினாலே வேர்விடும். பூ விரிந்திருக்கும்போது அதன் நடுவிலுள்ள மகரந்தக் கேசரங்களை ஒரு புல் நுனியால் தொட்டுப் பாருங்கள், அவை மெல்ல அசைந்து சாய்வது கண்ணுக்கே தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டினால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும். மேகமூட்டமான நாளில் பூ விரியாது, அதற்காகச் செடிக்கு நோய் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஜினியாவை விதையாகவே நேரடியாகத் தூவுங்கள், பெயர்த்து நடுவதை அது விரும்புவதில்லை. நெருக்கமாக விட்டால் காற்றோட்டமின்றி இலையில் சாம்பல் நோய் படியும். ஒரு சாண் இடைவெளிக்குக் குறையாமல் இருக்கும்படி மிகுதி நாற்றுகளைக் களைந்துவிடுங்கள். வாடாமல்லிக்கும் கெயிலார்டியாவுக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வாடிய பூக்களை நறுக்கிவிட்டால் மீண்டும் மீண்டும் பூக்கும்.

மதில் ஓரத்துக்குக் காகிதப்பூ. நாம் பூ என்று நினைக்கும் வண்ணத் தாள்கள் பூவடிச் செதில்கள்தான், அதாவது பூவைச் சூழ்ந்த நிறமேறிய இலைகள். மூன்று செதில்களுக்குள் ஒவ்வொன்றிலும் ஒட்டி நிற்கும் மெல்லிய வெள்ளைக் குழல்களே உண்மையான பூக்கள். நீரும் உரமும் மிகுந்தால் இது முள்ளும் இலையுமாகப் பாயும். மண்ணை ஓரளவு காயவிட்டு ஊற்றினால் நிறம் ஏறும். நடும்போது இதன் வேர்க்கட்டியை மட்டும் பிரிக்காதீர்கள், மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு. வேர் எளிதில் அறுந்துவிடும். அரளியும் நன்றாகத் தாங்கும். அதன் இலையின் அடிப்புறத்தில் இலைத்துளைகள் மயிரடர்ந்த சிறு குழிகளுக்குள் ஒளிந்திருப்பதால் வறண்ட காற்று அவற்றை நேராகத் தொடுவதில்லை. ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் கொடிய நஞ்சு. சின்னவன் எதையும் வாயில் வைக்கும் வயதில் இருப்பதால் இப்போதைக்கு வேண்டாம். நித்தியகல்யாணியும் உண்ணத் தகாததுதான். அவனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இவ்வளவு பேசும் நானும் பாலைவன ரோஜா எனப்படும் ஓர் அடீனியத்தைக் கொன்றவன். ஏழு ஆண்டுகள் வளர்ந்து, அடித்தண்டு பானைபோல் பருத்திருந்தது. தொடர்மழையில் அதை உள்ளே எடுத்து வைக்கச் சோம்பலாக இருந்தது. மழை விட்ட பிறகு ஒரு நாள் அந்தப் பருத்த அடியைத் தொட்டபோது, அழுகிய பழத்தைத் தொட்டதுபோல் விரல் உள்ளே போய்விட்டது. புளித்த நாற்றம் அடித்தது. இலைகள் அப்போதும் பச்சையாகவே இருந்தன என்பதுதான் கொடுமை.

ஆகவே உங்கள் மிச்ச இரண்டு செடிகளையும் இலையைப் பார்த்து எடைபோடாதீர்கள். இன்று மாலை ஒன்றை மட்டும் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் புதிய மணற்கலவையில் வையுங்கள். பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் கையில் மிஞ்சினால், அதன் நல்ல கிளை நுனி ஒன்றை நறுக்கிப் பதியம் போட்டுவிட்டுச் செடியை விட்டுவிடுங்கள். வேரின் படத்தை எனக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் வரும்போது பத்துமணிப் பூவின் குச்சிகளை நான்கு நிறங்களில் கொண்டுவருகிறேன். அதுவரை அந்தப் பூவாளியை அண்ணனிடம் கொடுத்து வையுங்கள், அவர் எப்படியும் மறந்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்