மெனாப்ரேயா அமைச்சரவைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு இத்தாலியப் பிரதமர் மெனாப்ரேயா அவர்களுக்கும் நிதியமைச்சர் கம்ப்ரே-டின்யி அவர்களுக்கும்,

நீங்கள் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

1866 ஆஸ்திரியப் போருக்குப் பிறகு கஜானா காலி. வரி போடாமல் தீராது, சரி. ஆனால் எதன்மேல் போட்டீர்கள்? மாவின்மேல். 1869 ஜனவரி 1 முதல் நூறு கிலோ கோதுமை அரைக்க 2 லிரா, மக்காச்சோளத்துக்கு 80 சென்டேசிமி (நூறு சென்டேசிமி ஒரு லிரா). சோளத்துக்குக் குறைவுதானே என்பீர்கள். வடக்கே கூலிக்காரர் வீட்டில் அடுப்பில் ஏறுவதே அந்தச் சோளமாவுக் களிதான். அதுவரை பல ஊர்களில் அரைவைக் கூலியாக மில்காரர் மாவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார், காசு கைமாறாது. இனி வரியைக் காசாக எண்ணி வைக்க வேண்டும். வேலையில்லாத ஜனவரிக் குளிரில் காசுக்கு எங்கே போவார்கள்?

மெனாப்ரேயா ஐயா, என்னை அதிகம் உறுத்துவது நீங்கள்தான். 1840இல் தூரின் நகரில் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப்பொறியைப் பற்றிப் பேசியபோது உட்கார்ந்து கேட்டவர் நீங்கள். அதைப் பற்றி 1842இல் பிரெஞ்சில் எழுதினீர்கள். மறு வருஷம் அதைத்தான் ஏடா லவ்லேஸ் ஆங்கிலமாக்கி, கட்டுரையைவிட நீளமான குறிப்புகளையும் சேர்த்தார். அப்பேர்ப்பட்டவருடைய அரசு, வரியைக் கணக்கிட அரைவைக்கல்லில் எண்ணும் கருவியை மாட்டச் சொன்னது! அது கல்லின் சுற்றைத்தான் எண்ணும், மாவை அல்ல. தேய்ந்த கல்லும் புதிதாய்க் கொத்திய கல்லும் ஒரு மூட்டைக்கு ஒரே மாதிரியா சுற்றும்? உங்களைப் போன்ற பொறியாளருக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா? அந்தக் கருவியாவது நேரத்துக்கு வந்ததா? ஜனவரி பிறந்தபோது பெரும்பாலான மில்களில் அது இல்லை. உத்தேசக் கணக்கில் வரி கேட்டீர்கள். மில்காரர்கள் பலர் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அப்புறம் வடக்கே எமிலியா வட்டாரத்தில் வரியை எதிர்த்து ஜனங்கள் திரண்டார்கள். நீங்கள் ஜெனரல் ரஃபாயேலே கதோர்னாவை அனுப்பினீர்கள். நாடு முழுக்க 250 பேருக்கு மேல் செத்தார்கள், ஏறக்குறைய ஆயிரம் பேருக்குக் காயம், 3,700 பேருக்கு மேல் கைது.

அந்த வருஷ டிசம்பரில் நீங்கள் இறங்கினீர்கள், லான்சா பிரதமராக வந்தார். வரி மட்டும் இறங்கவில்லை. முழுசாக ஒழிய 1884 ஆயிற்று.

படையை அனுப்புமுன் ஏதாவது ஒரு மில்லில், கல்லுக்குப் பக்கத்தில், அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கலாமே ஐயா.

இப்படிக்கு,
மாவு மில் வரிசையில் நின்று பழகிய ஒருவர்